பிரிந்தவர்கள் மறுபடி சேரும் நாவல்: எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசியில் எழுதுவது

ஆன்லைனில் தொடர்கதை எழுத வருகிறவர்கள் ஆசையாக எடுக்கும் கரு இது. பிரிந்துபோன கணவன் மனைவியோ பழைய காதலர்களோ வருடங்கள் கழித்து மறுபடி எதிரெதிரே வந்து நிற்கிறார்கள். முதல் மூன்று எபி (எபிசோடு, அதாவது அத்தியாயம்) பிய்த்துக்கொண்டு போகும். பன்னிரண்டாவது எபி வாக்கில் வண்டி நின்றுவிடும். ‘உடம்பு சரியில்லை ஃப்ரெண்ட்ஸ், அடுத்த யூடி (அப்டேட்) சீக்கிரம்’ என்று ஓர் அறிவிப்பு வரும். அப்புறம் அந்தக் கதை வராது.

நானும் இரண்டு தடவை அப்படிப் பாதியில் விட்டிருக்கிறேன். மூன்றாவதைத்தான் முடித்தேன். அதற்குப் பிறகு, புதிதாக எழுதுகிறவர்களின் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எல்லோரும் இடறுகிற கல் ஒன்றேதான். சந்திப்பை முதலில் எழுதிவிட்டு, பிரிவுக்கான காரணத்தைப் பிறகு யோசிக்கிறார்கள்.

இந்த வகைக் கதையில் இருவரும் சேருவார்கள் என்பது அட்டைப் படத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் வாசகர் நாற்பது எபி கூடவே வருகிறார். போன தடவை உடைந்தது இந்தத் தடவை ஏன் உடையாது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தப் பதில் உங்களிடம் இருந்தால் கதை நகரும். இல்லாவிட்டால் வில்லியையும் விபத்தையும் துணைக்குக் கூப்பிட வேண்டிவரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு வேண்டும். அதில் இரண்டு பேருக்கும் தனித்தனிப் பக்கம், வருடக் கணக்குக்கு ஒரு பக்கம். நாயகன், நாயகி இருவரின் பிழைப்பையும் பற்றி, குறைந்தது ஒரு நாள் வேலை காலை முதல் இரவு வரை எப்படிப் போகும் என்ற அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். ‘பெரிய பிசினஸ்மேன்’ என்று எழுதினால் போதாது, அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் தட்டுப்பாடு வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், கதை பிடித்திருக்கிறது என்று மட்டும் சொல்லாத ஒரு வாசகர். அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி.

படிகளைக் காட்டுவதற்கு ஒரு ஜோடியைக் கடைசி வரை கூடவே வைத்துக்கொள்வோம். தேன்மொழி, சரவணன். திருப்பூரில் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட், அதாவது தையல் யூனிட், நடத்துகிறவன் அவன். கரூரில் பிறந்து அவனைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள்.

1. பிரிவை முதலில் எழுதுங்கள்

முதல் எபியைத் தொடாதீர்கள். பிரிந்த நாளை ஒரே காட்சியாக, இரண்டாயிரம் சொல்லுக்குள் எழுதி முடியுங்கள். இந்தக் காட்சி கதையில் அப்படியே வராமலும் போகலாம். ஆனால் மற்ற எல்லாக் காட்சியும் இதிலிருந்துதான் பிறக்கும்.

எங்கள் ஜோடியின் பிரிவு இப்படி. 2017 தீபாவளிக்குத் தொழிலாளர்களுக்கு போனஸ் கொடுக்க வேண்டும். தைத்துக் கொடுத்ததற்கு வர வேண்டிய பணம் வரவில்லை. சரவணன் மனைவியின் 14 பவுனை அவளிடம் சொல்லாமல் அடகு வைக்கிறான். நடுவில் ஒரு கல்யாணத்துக்கு அவள் நகை கேட்டபோது, லாக்கர் சாவி அம்மாவிடம் இருக்கிறது, அம்மா ஊரில் இல்லை என்று சமாளிக்கிறான். அடுத்த தீபாவளிக்கு முன்னால் ஏல நோட்டீஸ் பதிவுத் தபாலில் வீட்டுக்கு வருகிறது. கையெழுத்துப் போட்டு வாங்குகிறவள் தேன்மொழி. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் திரும்பவே இல்லை. அவள் ஏன் போனாள் என்பதை வக்கீல் நோட்டீஸைப் பிரித்துத்தான் அவன் தெரிந்துகொள்கிறான்.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ‘ஒரே ஒரு போன் பேசியிருந்தால் இந்தப் பிரிவு நடந்திருக்குமா?’ என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகத் தோழியோடு நிற்பதைப் பார்த்துத் தப்பாக நினைத்தாள், யாரோ அனுப்பிய போட்டோவை நம்பினான் என்பவையெல்லாம் ஒரு போனில் கரைந்துவிடும். அப்படிப்பட்ட காரணத்தை வைத்துக்கொண்டு நாற்பது எபி ஓட்ட முடியாது. என் இரண்டாவது கதை இதில்தான் மாட்டியது. பதினான்காவது எபியில் ஒரு வாசகி, ‘அவன் ஏன் சிஸ் ஒரு கால் பண்ணல?’ என்று கமெண்ட் போட்டார். மூன்று நாள் யோசித்தும் பதில் கிடைக்கவில்லை. கதையை இறக்கிவிட்டேன்.

மேலே உள்ள பிரிவில் தவறான புரிதல் எதுவும் இல்லை. அவன் அடகு வைத்தது உண்மை, பொய் சொன்னது உண்மை. போன் பேசினாலும் அந்த உண்மை மாறாது.

2. தப்பை இருவருக்கும் பங்கு போடுங்கள்

பங்கு சமமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் முழுக்கத் தப்பு, மற்றவர் தங்கம் என்றால், அது மறுபடி சேரும் கதையாக இருக்காது. ஒருவர் காலில் விழ, மற்றவர் பெரிய மனதோடு மன்னிக்கும் கதையாகிவிடும். மூன்று எபிக்கு மேல் அது சலிக்கும்.

சரவணனின் குறை, பணக் கஷ்டத்தை மறைப்பது. வீட்டு ஆம்பிளை சமாளிக்க வேண்டும் என்று அவன் அப்பாவிடம் பார்த்துப் பழகியது. தேன்மொழியின் குறை, மனம் நொந்தால் வாயை மூடிக்கொண்டு இடத்தைக் காலி செய்வது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அப்படித்தான். இந்த இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பதைக் கவனியுங்கள். அவன் மறைக்க மறைக்க அவள் ஒதுங்குவாள், அவள் ஒதுங்க ஒதுங்க அவன் இன்னும் மறைப்பான். நோட்டில் இரண்டு பேர் பக்கத்திலும் இந்தக் குறையை ஒரே வரியில் எழுதி வட்டம் போடுங்கள்.

அவன் செய்ததற்கான காரணம் புரிகிற மாதிரி இருக்கட்டும், ஆனால் அவனை விடுவிக்கிற அளவுக்குப் புனிதமாக வேண்டாம். நகையை அடகு வைத்தது அவளுடைய அம்மாவின் ஆபரேஷனுக்காக, அதுவும் அவளுக்கே தெரியாமல் என்று வைத்தீர்களானால், அந்த நிமிடமே அவன் தியாகி, அவள் நன்றி கெட்டவள். நிறையப் பேர் இந்த வலையில் விழுகிறார்கள். நாயகன் கெட்ட பெயர் வாங்குவது எழுதுகிறவருக்கே பொறுக்காது, அதுதான் காரணம்.

இன்னொரு பக்கமும் ஓர் எல்லை உண்டு. அடித்தவன், அடைத்து வைத்தவன், சூடு வைத்தவன் திருந்தி வந்து சேரும் கதையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்ததற்குக் காரணமான வீடுகள் நம் வாசகர்களுடைய வீடுகளும்தான். அங்கே உட்கார்ந்து படிக்கிற பெண்ணுக்கு ‘இன்னும் கொஞ்சம் பொறு, மாறிடுவான்’ என்று நாம் சொல்லக் கூடாது. ‘ஆன்டி ஹீரோ’ என்று டேக் போட்டுவிட்டால் சரியாகிவிடும் விஷயமும் அல்ல.

3. இடைவெளிக்குக் கணக்குப் போடுங்கள்

இந்த வேலை அலுப்பாக இருக்கும். ஆனாலும் வருடப் பக்கத்தைத் திறந்து இப்படி எழுதுங்கள்: 2015 ஆவணியில் கல்யாணம், அவளுக்கு 25, அவனுக்கு 28. 2018 தீபாவளியில் பிரிவு, அவளுக்கு 28, அவனுக்கு 31. கதை நடப்பது 2025இல், அவளுக்கு 35, அவனுக்கு 38.

இதை ஏன் எழுத வேண்டும்? எழுதினால்தான் நடுவில் 2020 மார்ச் ஊரடங்கு வருவது தெரியும். திருப்பூரில் யூனிட் வைத்திருந்தவன் அதை எப்படித் தாண்டினான் என்று ஒரு வரியாவது சொல்லாமல் இருக்க முடியாது. அதேபோல, சிலர் கதையில் 2013இல் நடக்கும் ப்ளாஷ்பேக்கில் வாட்ஸ்அப் நீல டிக் பார்த்து நாயகி அழுவாள். நீல டிக் வந்ததே 2014 நவம்பரில். கூகுள் பே என்ற பெயர் வந்தது 2018இல். சின்ன விஷயம்தான், ஆனால் கமெண்ட்டில் முதலில் பிடிபடுவது இதுதான்.

இடைவெளியில் இருவரும் காத்துக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதாதீர்கள். ஏழு வருடம் தாடியோடு திரிந்தான், அவள் சிரிக்கவே இல்லை என்பது பழைய பாணி. இப்போதைய வாசகருக்கு வேண்டியது மாறிப்போன இரண்டு பேர். தேன்மொழி திருச்சியில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் கணக்குப் பார்க்கிறாள், ஸ்கூட்டி வாங்கியிருக்கிறாள், தனியாகச் சினிமாவுக்குப் போகப் பழகிவிட்டாள். சரவணனுக்கு நடுவில் ஒரு பெண் பார்த்தார்கள், நிச்சயம் வரை போய் நின்றது. அந்தப் பெண்ணைக் கெட்டவளாக்கத் தேவையில்லை. அவன் தன் கடன் கணக்கை முழுதாகச் சொன்னான், அவர்கள் வேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். அவன் மாறியிருக்கிறான் என்பதற்கு வாசகர் பார்க்கிற முதல் சாட்சி அது.

4. சட்டப்படி இப்போது அவர்கள் யார் என்று முடிவு செய்யுங்கள்

பிரிந்து வாழ்கிறார்களா, வழக்கு நடக்கிறதா, விவாகரத்து ஆகிவிட்டதா? மூன்றும் மூன்று வேறு கதைகள். சாயங்காலம் கையெழுத்து, மறுநாள் விவாகரத்து என்று எழுதுவதுதான் இங்கே அதிகம் பார்க்கிற பிழை.

இந்து திருமணச் சட்டம் 1955இன் 13-பி பிரிவின்படி இருவரும் சம்மதித்து விவாகரத்துக் கேட்க, குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மறுபடி நீதிமன்றத்தில் வந்து உறுதி செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னது.

கதை எழுதுகிறவருக்கு இதில் புதையலே இருக்கிறது. தீர்ப்பு வருவதற்கு முன் ஒருவர் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், இது 1991லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ‘பிரிந்து வாழ்வது’ என்பது ஒரே கூரைக்குக் கீழேயும் இருக்கலாம், கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் முக்கியம் என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. ஒரே வீடு, இரண்டு அறை, ஆறு மாதம் என்று எடுத்தால் யாரையும் கடத்திக்கொண்டு வராமலே முழு நாவல் கிடைக்கும்.

நம் ஜோடி 2019 டிசம்பரில் மனுப் போட்டது. ஆறு மாதம் முடிந்தபோது ஊரடங்கு, நீதிமன்றங்கள் வழக்கம்போல் நடக்காத நேரம். 2021இல்தான் தீர்ப்பு. அந்த இழுபறியில் ஒரு தடவை அவன் போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. இந்த ஒரு மிஸ்டு கால் பின்னால் உதவும், நோட்டில் குறித்துவையுங்கள்.

இது இந்துச் சட்டத்தின் கணக்கு. கதாபாத்திரங்கள் கிறிஸ்தவர்களோ முஸ்லிம்களோ என்றால் சட்டமும் நடைமுறையும் வேறு. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.

5. சந்திக்க வைக்கும் காரணத்துக்கு எல்லாக் கதவையும் சாத்துங்கள்

தற்செயல் ஒரு தடவை நடக்கலாம். இரண்டாவது சந்திப்பிலிருந்து ஒரு கட்டாயம் வேண்டும். அந்தக் கட்டாயம் பலமுறை சந்திக்க வைக்கிற மாதிரியும், ஒரு முடிவுத் தேதி உள்ளதாகவும் இருந்தால் நல்லது. கல்யாண மண்டபச் சந்திப்பு பலமில்லாமல் போவது இதனால்தான். பந்தி முடிந்ததும் அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.

தேன்மொழியும் சரவணனும் 2016இல் பல்லடம் பக்கம் ஐந்து சென்ட் மனை ஒன்றை இருவர் பெயரிலும் வாங்கியிருந்தார்கள். விவாகரத்தின்போது அதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. (அவன் மறைத்தான், அவள் ஒதுங்கினாள். குறை இங்கேயும் வேலை செய்கிறது, பாருங்கள்.) இப்போது அதற்கு ஒருவர் விலை கேட்டு வருகிறார். மூலப்பத்திரம் தேட வேண்டும், வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும், பட்டாவில் ஒரு பெயர் தப்பாக இருக்கிறது, கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் விரல் ரேகை வைக்க வேண்டும். நான்கைந்து சந்திப்பு தானாக வந்துவிட்டது.

உடனே வாசகர் கேட்பார்: ‘அவள் அண்ணன் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வராமலே இருக்கலாமே?’ அந்தக் கேள்வியை அவர் கேட்பதற்கு முன் கதைக்குள் ஒருவர் கேட்க வேண்டும். அண்ணனே கேட்கட்டும். அவள் மறுக்கட்டும். போன தடவை தன் பேச்சை வக்கீல் நோட்டீஸ் பேசியது, இந்தத் தடவை தானே போய் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுகிறது. கதவைச் சாத்தியது கதாபாத்திரத்தின் மாற்றமாக இருந்தால் அதுவே கதையின் முதல் அடி. பவர் கொடுக்க நேரமில்லை என்று சாத்தினால் எழுதுகிறவரின் கை தெரியும்.

6. யார் யாரை என்னவென்று கூப்பிடுகிறார்கள்

இதற்குத் தனிப் படியா என்று சிரிக்காதீர்கள். தமிழில் எழுதுகிறவருக்குக் கிடைத்திருக்கிற வரம் இது. வீணாக்குகிறவர்கள்தான் அதிகம்.

கல்யாணமான காலத்தில் அவன் அவளை ‘தேனு, நீ’ என்றான். அவள் ‘ஏங்க, நீங்க’ என்றாள். ஏழு வருடம் கழித்துப் பத்திர எழுத்தர் கடையில் அவன் ‘வாங்க, உட்காருங்க’ என்கிறான். அந்த ஒரு ‘ங்க’ போதும். பிரிவின் ஆழத்தை நீங்கள் அரைப்பக்கம் விளக்க வேண்டாம். அவன் எந்த எபியில் மறுபடி ‘நீ’ என்று சொல்கிறான், வாய் தவறிச் சொல்கிறானா, அவள் அதைத் திருத்துகிறாளா, விட்டுவிடுகிறாளா? நோட்டில் முன்கூட்டியே எபி எண் போட்டு வையுங்கள். எனக்கு அது பதினேழாவது எபி. மழையில் ஒரு வண்டி அவளை உரசிக்கொண்டு போகிறது, ‘ஏய், பார்த்து வா’ என்கிறான். இருவரும் எதுவும் நடக்காத மாதிரி நடக்கிறார்கள்.

உறவுப் பெயரும் அப்படித்தான். விவாகரத்தானவள் பழைய மாமியாரை வழியில் பார்த்தால் அத்தை என்பாளா, அம்மா என்பாளா, பெயரில்லாமல் சமாளிப்பாளா? ‘மாப்பிள்ளை’ என்று வாய் நிறையக் கூப்பிட்ட அண்ணன் இப்போது ‘அந்த ஆளு’ என்கிறான். அவன் என்றைக்கு மறுபடி ‘மாப்ள’ என்கிறானோ, அதுவே அவன் தரும் சம்மதம். தனியாக வசனம் வேண்டாம்.

7. ப்ளாஷ்பேக்கைக் கஞ்சத்தனமாகக் கொடுங்கள்

ஐந்தாவது எபியில் ‘ஏழு வருடங்களுக்கு முன்...’ என்று ஆரம்பித்துப் பதினாறாவது எபியில் நிகழ்காலத்துக்கு வருகிறவர்கள் உண்டு. அதற்குள் வாசகர் நிகழ்காலத்தையே மறந்துவிடுவார். முடிவு தெரிந்த கதையைப் பதினோரு எபி படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது.

நான் பின்பற்றுவது இது. என்ன நடந்தது என்பதை மூன்றாவது எபிக்குள் சொல்லிவிடுங்கள்: நகை போனது, அவள் போனாள். அதை ரகசியமாக வைத்து இழுப்பதில் லாபமில்லை. அது ஒவ்வொருவருக்கும் உள்ளே என்ன செய்தது என்பதை மட்டும் தள்ளிப் போடுங்கள். ‘கேட்டிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்’ என்ற வரியை அவள் இருபத்து நான்காவது எபியில்தான் சொல்கிறாள். அவன் பொய் சொன்ன அந்தக் கல்யாண நாளன்று அவள் கவரிங் நகை போட்டுக்கொண்டு போனதும், சொந்தக்காரப் பெண் ஒருத்தி அதைக் கையில் எடுத்துப் பார்த்ததும் அங்கேதான் தெரிய வருகிறது. நகைக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் இருந்த அந்த அவமானத்தை அவனும் அப்போதுதான் கேள்விப்படுகிறான்.

ஒவ்வொரு பழைய காட்சியையும் நிகழ்காலப் பொருள் ஒன்று திறக்கட்டும், ஒரு ரசீது, ஒரு பஸ் நிறுத்தம். எந்தப் பழைய காட்சியும் அதைத் திறந்த நிகழ்காலக் காட்சியைவிட நீளக் கூடாது.

8. பழக்கம் வேகமாக வரும், நம்பிக்கை மெதுவாக வரும்

புதுக் காதல் கதையில் இல்லாத ருசி இங்கேதான் இருக்கிறது. இவர்களுக்கு ஒருவரையொருவர் ஏற்கெனவே தெரியும். தேன்மொழிக்கு வலது காது கொஞ்சம் மந்தம். ஏழு வருடம் கழித்துப் பெஞ்சில் உட்காரும்போது சரவணன் யோசிக்காமல் அவளுக்கு இடப்பக்கமாக வந்து உட்காருகிறான். உட்கார்ந்த பிறகுதான் இருவருக்கும் உறைக்கிறது. இப்படிப்பட்ட காட்சி மூன்று இருந்தால் போதும். அவளுக்குப் பிடித்த கலர், அவனுக்குப் பிடித்த குழம்பு என்று பட்டியல் போடாதீர்கள்.

உடலும் அப்படித்தான், பழையதை நினைவில் வைத்திருக்கும். முப்பதுகளில் இருக்கும் இரண்டு பேர், ஒரு காலத்தில் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள். அவர்களுக்குள் ஈர்ப்பு வருவதை ஒளிக்க வேண்டாம். ஆனால் வரிசையில் கவனம் வேண்டும். நெருக்கத்தை முதலில் வைத்துவிட்டு, அதனாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று காட்டினால் பிரிவின் காரணம் அப்படியே கிடக்கும். நெருக்கம் நடந்த மறுநாள் காலையில் பழைய பயம் இன்னும் பெரிதாக எழுந்தால் அது உண்மையாக இருக்கும். இன்னொன்று, அவன் கேட்க வேண்டும், அவள் சரி என்று சொல்ல வேண்டும். பழைய கணவன் என்பது அனுமதிச் சீட்டு இல்லை. கையைப் பிடித்து இழுப்பதை ‘உரிமை’ என்று எழுதினால் நாயகன் அங்கேயே தோற்றுவிடுகிறான்.

ஊடல் எவ்வளவு வைக்கலாம் என்றும் கேட்பார்கள். குறளே அதை உப்பு என்கிறது, கொஞ்சம் கூடினாலும் கெட்டுப்போகும் என்று. தொடரில் எனக்குத் தெரிந்த அளவு, ஒரே விஷயத்துக்கு இரண்டு எபிக்கு மேல் முறுக்கிக்கொண்டு திரியக் கூடாது.

9. மன்னிப்புக் கேட்கும் காட்சி

நாற்பது எபியில் இருபத்தைந்தாவது வாக்கில் வைக்கலாம். கடைசிக்குத் தள்ளாதீர்கள், அதற்குப் பிறகு நடக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். ‘நடந்ததை மறந்துடு’ என்பது மன்னிப்பு இல்லை. ‘உன் நகையை உன்கிட்ட கேட்காம வெச்சேன். ஒரு வருஷம் பொய் சொன்னேன்’ என்பதுதான் மன்னிப்பின் முதல் வரி. ‘ஆனா’ என்ற சொல் அந்தப் பேச்சில் வரக் கூடாது. எழுதி முடித்து அந்தப் பக்கத்தில் ‘ஆனா’வைத் தேடி அடியுங்கள், காட்சி தானாக நிமிரும். கேட்டுவிட்டு உடனே ‘திரும்பி வந்துடு’ என்றும் அவன் கேட்கக் கூடாது. கேட்டால் அது பேரமாகிவிடும்.

அவளுடைய மன்னிப்பு வேறு நாளில், வேறு இடத்தில் வரட்டும். அந்த மிஸ்டு காலை இங்கே எடுங்கள். ‘நீங்க கூப்பிட்டப்போ போன் கையிலதான் இருந்துச்சு’ என்கிறாள். இரண்டு மன்னிப்பையும் ஒரே காட்சியில் கட்டிப்போட்டால் கணக்குத் தீர்த்த மாதிரி ஆகிவிடும்.

10. அதே குழியை மறுபடி வெட்டுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் இந்தப் படியை மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். மன்னிப்பு முடிந்ததும் நேராகக் கல்யாணத்துக்குப் போகிறார்கள். கதை சுவையாகத்தான் இருக்கும், ஆனால் மூடி வைத்த பிறகு வாசகர் மனதில் ‘அடுத்த தீபாவளிக்கு என்ன செய்வானோ’ என்று ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கும். விபத்து, ஆஸ்பத்திரி, ஐசியூ வாசலில் அழுகை எதுவும் அந்தச் சந்தேகத்தைப் போக்காது. செத்துப்போவான் என்ற பயத்தில் யார்தான் சேர மாட்டார்கள்?

போன தடவை விழுந்த அதே குழியை அதே ஆழத்தில் வெட்ட வேண்டும். 2025 தீபாவளி வருகிறது. போனஸுக்குப் பணத் தட்டுப்பாடு. மனை விற்ற காசில் அவள் பங்கு வங்கியில் இருக்கிறது. முப்பத்திரண்டாவது எபியில் சரவணன் வந்து சொல்கிறான்: ‘எனக்குப் பணம் இடிக்குது. உன்கிட்ட கேட்க வரலை. உனக்குத் தெரியணும்னு வந்தேன்.’ ஏழு வருடத்தில் அவன் கற்றது அவ்வளவுதான். அது போதும்.

இப்போது அவள் முறை. கேட்டதும் பழைய பயம் தலைக்கேறுகிறது. பையை எடுக்கிறாள். திருச்சிக்குப் பஸ் அரை மணிக்கு ஒன்று இருக்கிறது. எடுத்த பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்காருகிறாள். ‘நான் இப்ப கிளம்பினா பழையபடி ஆயிடும். அதனால உட்கார்ந்திருக்கேன். ஆனா பேச மாட்டேன்.’ ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவன் டீ போட்டு வைக்கிறான், ஆறிப்போகிறது. எனக்குத் தெரிந்து இந்தக் கதையின் காதல் காட்சி இதுதான்.

அவள் பணம் கொடுத்தாளா என்பது அவ்வளவு முக்கியமில்லை. கொடுக்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். கொடுத்தால் எல்லாம் காசில் தீர்ந்த மாதிரி தெரியும்.

11. குடும்பத்தைத் தாமதமாக உள்ளே விடுங்கள்

நம் ஊரில் விவாகரத்து இரண்டு குடும்பத்துக்கு நடுவில் நடப்பது. சேருவதும் அப்படியே என்று நினைத்துக்கொண்டு மாமன் மச்சானைக் கூட்டி ஒரு பஞ்சாயத்து வைத்துச் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முடிவெடுத்தது பெரியவர்கள், இவர்கள் தலையாட்டினார்கள் என்றாகிவிடும். முதலில் இருவரும் தீர்மானிக்கட்டும். வீட்டில் சொல்வது அதற்குப் பிறகு.

மாமியாரை முழு வில்லியாக்கிப் பிரிவின் பழியை அவர் தலையில் போடாதீர்கள். பழி வெளியே போனால் நாயகனும் நாயகியும் மாற வேண்டிய தேவையே இல்லாமல் போகும். அந்த அம்மாவுக்கும் லாக்கர் சாவிப் பொய்யில் தன் பெயர் அடிபட்டது தெரியாமலே இருந்திருக்கலாம். தெரிந்த நாளில் அவர் மகனிடம் பேசாமல் இருக்கட்டும். குழந்தை இருக்கிற கதையென்றால் குழந்தையைத் தூதுவனாக்காதீர்கள், ‘அப்பா அம்மா சேர்ந்து இருங்க’ வசனம் வேண்டவே வேண்டாம். குழந்தையை ஏழு வருடம் அப்பனுக்குத் தெரியாமல் மறைத்தாள் என்ற திருப்பமும் யோசித்துச் செய்ய வேண்டியது. அவ்வளவு பெரிய தப்பை இரண்டு வரி அழுகையில் கழுவிவிட முடியாது.

12. எபி போடத் தொடங்கும் முன்

குறைந்தது எட்டு எபி கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எபிக்கு 1,400 சொல், நாற்பது எபி என்றால் 56,000 சொல். வாரத்துக்கு இரண்டு போட்டால் ஐந்து மாதம் ஓடும். அதற்குள் வீட்டில் ஒரு காய்ச்சலும் ஒரு கல்யாணமும் வந்தே தீரும். கையிருப்பு இருந்தால் சமாளிக்கலாம்.

பத்தாவது படியில் உள்ள காட்சியையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். கமெண்ட்டில் ‘அவளை அழவிடாதீங்க’, ‘அவனை இன்னும் அலையவிடுங்க’ என்று இரண்டு பக்கமும் இழுப்பார்கள். எழுதிய காட்சி ஒன்று முன்னால் இருந்தால் கதை அதை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

13. கடைசி எபி

விவாகரத்துத் தீர்ப்பு வந்தவர்கள் மறுபடி கணவன் மனைவியாக வேண்டும் என்றால் புதிதாகக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். பழைய தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டால் சட்டப்படி ஒன்றும் ஆகாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவும் கட்டாயம். ஆக, மறுபடி ஒரு தடவை சார்பதிவாளர் அலுவலகம். மனை விற்கப் போன அதே பெஞ்சில் உட்கார வையுங்கள், அவன் இடப்பக்கமாக வரட்டும்.

வளைகாப்பு, இரட்டைக் குழந்தை, பத்து வருடம் கழித்து என்று எபிலாக் நீட்ட வேண்டாம். முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் நிறைவுக்குக் குழந்தைதான் ஆதாரம் என்று எழுதினால், பிள்ளையில்லாத வாசகி ஒருத்தி அந்தக் கடைசிப் பக்கத்தில் உங்களை விட்டுப் போவாள்.

நகை திரும்ப வரும் காட்சியையும் எழுதாதீர்கள். தேடி அலைந்து அதே டிசைனில் செய்துகொண்டு வந்தான் என்று எழுதக் கை துடிக்கும். எனக்கும் துடித்தது, எழுதி அழித்தேன். 14 பவுன் ஏலத்தில் போனது போனதுதான். பதிவு முடிந்து வெளியே வரும்போது அவன் அந்த மாத யூனிட் கணக்கை அவள் கேட்காமலே சொல்லிக்கொண்டு வருகிறான். வலது பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. அவள் ‘என்ன சொன்னீங்க, மறுபடி சொல்லுங்க’ என்கிறாள்.